ஹேண்டில் கனப்பது சைடுகாரின் குணமல்ல

“சைடுகார்னா அப்படித்தாங்க சார் இருக்கும். ரெண்டு மாசம் ஓட்டுங்க, கை பழகிடும்.”

இந்த வார்த்தையைக் குறைந்தது பத்துப் பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். புல்லட்டிலேயே தலை நரைத்த பட்டறை அண்ணன்கள் சொன்னார்கள். பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கும் நண்பர்கள் சொன்னார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும் வரும்: “எதை வேணா மாத்துங்க, முன்பக்கத்துல மட்டும் கை வச்சிராதீங்க. வண்டியோட ஒரிஜினாலிட்டி போயிரும்.” இரண்டையும் நம்பி மூன்று வருஷம் ஓட்டினேன். இரண்டுமே தவறு. பழைய வண்டி வைத்திருப்பவர்களிடையே இவ்வளவு ஆழமாக வேரோடிய வேறு தவறான நம்பிக்கை எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி அப்பாவுடையது. 1962இல் திருவொற்றியூரில் செய்த 350 சிசி புல்லட். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து பின்சீட்டில் ஏற முடியாமல் போனபோது இடப்பக்கம் சைடுகார் மாட்டினோம். மாட்டியவர் கைதேர்ந்தவர்தான். நான்கு இடத்தில் பிடிமானம் கொடுத்து, நூல் கட்டி அலைன்மென்ட் பார்த்துத்தான் அனுப்பினார். ஆனாலும் முதல் நாளே தோள் வலித்தது. பழகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து சேலம் இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு மாலை, அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு இறங்கி வருகிறேன். இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவு. பிரேக் பிடித்தேன். அப்போது என் சைடுகாரின் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. பைக் வேகம் குறைகிறது, இடப்பக்கம் இருக்கும் பாரம் தன் வேகத்திலேயே முன்னால் போகப் பார்க்கிறது. மொத்த வண்டியும் வலப்பக்கமாகத் திரும்ப முயல்கிறது. நான் திரும்ப வேண்டியதோ இடப்பக்கம். முழு பலத்தோடு ஹேண்டிலை இழுத்தேன். வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. வண்டி நடுக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. எதிரே ஏறி வந்த பஸ்ஸின் டிரைவர் நின்று வழி விட்டதால் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சைடுகாரின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன்.

கை பழகவில்லை என்பது அதற்குக் காரணமல்ல. மூன்று வருஷம் பழகிய கை அது. காரணம் முன்சக்கரம் நிற்கும் இடம்.

ஆஸ்பத்திரி டிராலியின் சக்கரத்தைப் பாருங்கள். டிராலியின் கால் நேராகத் தரையை நோக்கி இறங்குகிறது; சக்கரம் அதற்குச் சற்றுப் பின்னால் தள்ளி ஓடுகிறது. அந்தத் தள்ளலால்தான் டிராலியைத் தள்ளும் திசைக்குச் சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்கிறது. மோட்டார் சைக்கிளிலும் இதே ஏற்பாடுதான். ஹேண்டில் எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சை, அதாவது கோன் செட் உட்கார்ந்திருக்கும் கழுத்தின் நடுக்கோட்டை, அப்படியே கீழே நீட்டினால் அது ஓரிடத்தில் தரையைத் தொடும். டயர் தரையைத் தொடும் இடம் அதற்குப் பின்னால் இருக்கும். இந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்குப் பெயர் டிரெயில். தனி வண்டியில் இது ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் இருக்கும். நேர்ச்சாலையில் கையை லேசாக வைத்துக்கொண்டே போக முடிவது இதனால்தான்.

தனி வண்டி வளைவில் சாய்கிறது. சாய்ந்த வண்டியில் எடையும் பக்கவிசையும் சேர்ந்து சக்கரத்தின் தளத்தோடேயே இறங்கிவிடுகின்றன. ஹேண்டிலை முறுக்க அதிகம் மிஞ்சுவதில்லை. சைடுகார் மாட்டிய வண்டியால் சாய முடியாது. பக்கவிசை முழுவதும் டயரின் அடியைக் குறுக்காகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் டிரெயில் என்ற நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை நேராக்கப் பார்க்கிறது. நெம்புகோல் எவ்வளவு நீளமோ அவ்வளவு பலமாக நம் கையோடு மல்லுக்கு நிற்கும். தனி வண்டிக்கு வரமாக இருந்த அதே 100 மில்லிமீட்டர், சைடுகாருக்குச் சாபமாக மாறுகிறது.

இது பேச்சுக்குச் சொல்வதல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 400 கிலோ எடையுள்ள ஒரு சைடுகார் வண்டி. அதில் மூன்றில் ஒரு பங்கு, 130 கிலோ என்று வையுங்கள், முன்சக்கரத்தின் மேல். 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முன்டயரில் விழும் பக்கவிசை சுமார் 45 கிலோ. டிரெயில் 98 மில்லிமீட்டர், இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே 70 சென்டிமீட்டர் என்றால், வளைவு முடியும்வரை ஒரு கை ஐந்தரை கிலோவுக்கு மேல் தள்ள வேண்டும், மறு கை அதே அளவு இழுக்க வேண்டும். டிரெயிலை 53 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஒவ்வொரு கைக்கும் சுமார் 3 கிலோதான். கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எழுபது முறை ஐந்தரை கிலோவா, எழுபது முறை மூன்று கிலோவா என்பதில்தான் கடைசி வளைவில் கையில் பலம் மிச்சமிருக்குமா என்பது அடங்கியிருக்கிறது. குழிக்குத் தப்ப, நாய்க்குத் தப்ப, எதிரே வரும் பஸ்ஸுக்குத் தப்ப அந்த மிச்ச பலம்தான் வேண்டும்.

நின்ற வண்டியில் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்து “லேசாத்தானே இருக்கு” என்பவர்கள் உண்டு. அது தவறான சோதனை. நிற்கும்போது உணர்வது டயர் தரையில் தேயும் கனம் மட்டுமே. டிரெயிலின் பலம் வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

இங்கே நம் பட்டறைகள் வழக்கமாகச் சொல்லும் வைத்தியங்களைப் பார்த்துவிட வேண்டும். முதலாவது அலைன்மென்ட். சைடுகார் சக்கரத்தை முன்பக்கம் சற்று உள்நோக்கித் திருப்பி வைப்பதும், பைக்கை ஓரிரு பாகை வெளிப்பக்கம் சாய்த்து நிறுத்துவதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. அவை சரியில்லை என்றால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், டயர் ஓரமாகத் தேயும். ஆனால் அவை இழுப்பைத்தான் தீர்க்கும், கனத்தைத் தீர்க்காது. இழுப்பு வேறு, கனம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடிருக்க முதல் காரணம் என்று நினைக்கிறேன். எத்தனை முறை நூல் பிடித்தாலும் டிரெயில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையப் போவதில்லை.

இரண்டாவது, ஹேண்டிலுக்கு நடுவில் இருக்கும் டாம்பர் திருகை இறுக்குவது. டாம்பர் உராய்வால் வேலை செய்வது. இறுக்கினால் கனம் கூடத்தான் செய்யும். மூன்றாவது, அகலமான ஹேண்டில். நெம்புகோல் நீளும் என்பது உண்மை. கனம் கொஞ்சம் குறையும். ஆனால் முழு வளைவு ஒடிக்கும்போது வெளிக்கை எட்டாது. நான்காவது, முன்சக்கரத்தைச் சின்னதாக்குவது. கழுத்துக்கு 27 பாகை சரிவும், 60 மில்லிமீட்டர் ஆஃப்செட்டும் (கழுத்தின் நடுக்கோட்டிலிருந்து ஆக்சில் முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) உள்ள வண்டியில் சக்கரத்தின் ஆரத்தை 325இலிருந்து 295 மில்லிமீட்டராகக் குறைத்தால் டிரெயில் 98இலிருந்து 83க்குத்தான் வரும். அதே வண்டியில் சக்கரத்தைத் தொடாமல் ஆக்சிலை மட்டும் 40 மில்லிமீட்டர் முன்னால் தள்ளினால் 53க்கு வந்துவிடும்.

சரி, ஆக்சிலை முன்னால் தள்ளினால் வண்டியின் புனிதம் கெட்டுவிடுமா? ஒரிஜினாலிட்டி என்ற சொல்லை இத்தனை அக்கறையோடு சொல்பவர்கள், அந்த வண்டிகளை முதலில் செய்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒருமுறை பார்த்திருக்கலாம்.

பழைய வண்டி ரசிகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் வின்சென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஸ்டீவனேஜில் செய்த அந்த வண்டிகளுக்கு 1940களின் கடைசியில் ஜிர்ட்ராலிக் என்ற முன்ஃபோர்க் வந்தது. அதில் மையம் விலகிய ஒரு துண்டு உண்டு. அதைத் திருப்பி வைத்தால் தனி வண்டிக்கான டிரெயில் போய்ச் சைடுகாருக்கான குறைந்த டிரெயில் வந்துவிடும். வாங்குபவர் சைடுகார் மாட்டலாம், பிறகு கழற்றலாம் என்பதை முன்கூட்டியே நினைத்து, ஃபோர்க்கின் உடம்புக்குள்ளேயே அந்த வசதியை வைத்துச் செய்தார்கள். இன்று அதே வின்சென்ட்டின் முன்பக்கத்தில் சைடுகாருக்காக யாராவது கை வைத்தால் குற்றம் என்பீர்களா?

பி.எம்.டபிள்யூ 1955இலிருந்து 1969வரை செய்த வண்டிகளில் எர்ல்ஸ் ஃபோர்க் இருந்தது. ஏர்னஸ்ட் எர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஊஞ்சல் கையைப் பிணைக்க அதில் இரண்டு துளைகள். ஒன்று தனி வண்டிக்கு, முன்னால் இருப்பது சைடுகாருக்கு. போல்ட்டைக் கழற்றி முன் துளையில் போட்டால் சக்கரம் முன்னால் நகரும், டிரெயில் குறையும். ஆர் 60 வண்டியில் ஸ்டைப் சைடுகாரை மாட்டிக்கொண்டு ஜெர்மானியக் குடும்பங்கள் நாடு நாடாகச் சுற்றியது அந்த இரண்டாவது துளையின் தயவால். 1969இல் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்குடன் புது வரிசை வந்தபோது அந்தத் துளைகளும் போயின, சைடுகாருக்கான ஏற்பாடும் போயிற்று.

அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சன் சைடுகாருக்கென்று சரிவை மாற்றிக்கொள்ளும் ஃபோர்க்கைக் கொடுத்தது. ருஷ்யாவின் இர்பிட் நகரில் சைடுகாருடனேயே பிறந்த யூரால், டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கோடு வெகுகாலம் ஓடிவிட்டு, பிறகு லீடிங் லிங்க் ஃபோர்க்குக்கு மாறியது. கீழே ஒரு சின்ன ஊஞ்சல் கை ஆக்சிலை முன்னுக்கு ஏந்திப் பிடிப்பதுதான் லீடிங் லிங்க். பக்கவாட்டில் வளையாது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்காது, டிரெயிலை வேண்டிய அளவுக்கு வைத்துச் செய்யலாம். சைடுகாரையே பிழைப்பாகக் கொண்டவர்கள் வந்து சேர்ந்த இடம் அது.

நம் புல்லட்டின் தாய்வீடு ரெட்டிச். அங்கே ராயல் என்ஃபீல்டுகாரர்கள் சைடுகார் மாட்டும் வண்டிகளுக்கென்று தனி ஃபோர்க் கீழ்க்குழாய்களே வைத்திருந்தார்கள். ஆக்சில் பிடிக்கும் முட்டு அவற்றில் முன்னால் நீண்டிருக்கும், டிரெயிலைக் குறைக்கத்தான். அவர்கள் மேல்பக்கத்தைத் தொடாமல் கீழே மாற்றியதற்கு ஒரு நல்ல காரணமும் தெரிகிறது. புல்லட்டின் ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் அந்த அழகான கூடு வெறும் அலங்காரம் அல்ல. ஃபோர்க் குழாய்களின் மேல்பிடியே அதுதான். குழாய்கள் அதற்குள் மரையிட்டு ஏறுகின்றன. வேறு வண்டிகளில் செய்வதுபோல் மேலும் கீழும் பிடிகளை மாற்றி ஆஃப்செட் கூட்டினால் புல்லட் தன் முகத்தையே இழந்துவிடும். கீழ்க்குழாய்களை மாற்றினால் முகம் அப்படியே இருக்கும்.

ஆகவே, தனி வண்டிக்கான முன்பக்கத்தோடு சைடுகாரை மாட்டி ஓட்டுவதுதான் ஒரிஜினாலிட்டிக்கு எதிரானது. செய்தவர்கள் சொல்லாத, நினைக்காத ஒரு கூட்டை நாமே உருவாக்கிவிட்டு அதற்கு மரபு என்று பெயர் வைத்திருக்கிறோம். இங்கே நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும்: சைடுகார் ஒரு கடையிலிருந்து வந்தது, வண்டி இன்னொரு இடத்திலிருந்து வந்தது. எந்த வண்டிக்கும் பொருந்தும் கிளாம்ப்பைப் போட்டு இரண்டையும் இணைத்தார்கள். இடையில் இருக்க வேண்டிய அந்த ஒரு ஜோடிக் கீழ்க்குழாய்கள் நம் கைக்கு வரவே இல்லை. வராததை, தேவையில்லாதது என்று எடுத்துக்கொண்டோம். கனம் இருந்தது, கனத்தைத் தாங்குபவன் நல்ல ஓட்டுநர் என்று பெருமையும் சேர்ந்துகொண்டது.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஃபோர்க் குழாயைச் சூடுபோட்டு வளைப்பது, வார்ப்பு முட்டை அறுத்து நடுவில் பட்டை வைத்து வெல்டிங் அடிப்பது போன்ற வேலைகள் நடக்கின்றன. அப்படிச் செய்த முன்பக்கம் ஒருநாள் ஓட்டத்தில் முறியும். முன்சக்கரம் கழன்ற வண்டியில் யாருக்கும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. “கை வைக்காதீங்க” என்று ஒரு மெக்கானிக் சொல்வது இப்படிப்பட்ட வேலையைப் பார்த்துவிட்டுத்தான் என்றால் அவர் சொல்வது சரி. ஆனால் அது மோசமான வேலைக்கு எதிரான வாதம். வேலையே கூடாது என்பதற்கு அது வாதமாகாது. கத்தியைத் தவறாகப் பிடித்தவர் கை வெட்டுப்பட்டது என்பதற்காக யாரும் காய் நறுக்காமல் இருப்பதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. சைடுகார் மாட்டுவதே பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டிய விஷயம். போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, வரைபடத்தோடு, வெளிப்படையாகச் செய்ய வேண்டிய வேலை இது. முடியும் நாள் தள்ளிப்போகலாம். அதற்காக ஆபத்தான முன்பக்கத்தோடு மலையேறுவது எந்தச் சட்டத்தின் நோக்கமும் அல்ல.

என் வண்டிக்குக் கோவையில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தோம். முதலில் அளந்தோம். சிமெண்டுத் தரையில் வண்டியை நேராக நிறுத்தி, கழுத்தை ஒட்டி அதற்கு இணையாக ஒரு நேரான கம்பியை வைத்து, அது தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் குறித்தோம். ஆக்சில் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டு ஆடி அடங்கிய இடத்தில் இன்னொரு குறி. இரண்டுக்கும் நடுவே ஸ்கேலை வைத்தபோது நூறுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. பட்டறை அண்ணன் அந்த இரண்டு வெள்ளைக் குறிகளையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷமாகச் சைடுகார் வண்டிக்கு வேலை செய்பவர். “இத்தனை நாளா இத அளக்கவே இல்லீங்களே,” என்றார்.

பழைய கீழ்க்குழாய்களைத் தொடவில்லை. முழுக் கட்டி எஃகிலிருந்து மில்லிங்கில் கடைந்து, முட்டு 40 மில்லிமீட்டர் முன்னால் இருக்கும் புது ஜோடி செய்தோம். எங்கும் வெல்டிங் இல்லை. பிரேக் தட்டைப் பிடித்து நிறுத்தும் முட்டும் அதே அளவு முன்னால் வர வேண்டும். அதை மறந்தால் பிரேக் பிடித்த கணத்தில் தட்டு சுழன்று கேபிளை அறுத்துவிடும். மட்கார்டு தாங்கிகளையும் நீட்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் வேலை நடக்கும்போதே சைடுகார் சக்கரத்துக்கும் பிரேக் வைத்துவிட்டோம். அதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். டிரெயில் குறைந்தால் மெதுவாகப் போகும்போது, 25, 30 கிலோமீட்டர் வேகத்தில், ஹேண்டில் இடமும் வலமுமாக ஆட ஆரம்பிக்கும். முதல் ஓட்டத்தில் எனக்கும் ஆடியது, பயந்துபோனேன். டாம்பர் திருகின் உண்மையான வேலை அப்போதுதான் விளங்கியது. ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று இறுக்கியதும் ஆட்டம் நின்றது. பழைய காலத்தில் அந்தத் திருகை ஹேண்டில் நடுவில், கை எட்டும் இடத்தில் வைத்தது காரணமில்லாமல் அல்ல. இன்னொன்று: சைடுகாரைக் கழற்றினால் அன்றே பழைய கீழ்க்குழாய்களையும் திரும்ப மாட்டிவிட வேண்டும். குறைந்த டிரெயிலோடு தனி வண்டியாக ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

அந்தப் பழைய ஜோடி இப்போது எண்ணெய் தடவிய வேட்டித் துணியில் சுற்றி எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. என் மகன் இந்த வண்டியைத் தனியாக ஓட்ட நினைத்தால் ஒரு பகல் வேலை. 1962இல் வந்தபடியே நிற்கும்.

போன தை மாதம் அதே மலைக்கு அம்மாவை மறுபடியும் அழைத்துப் போனேன். இறங்கும்போது அதே இடப்பக்க வளைவு வந்தது. எதிரே வந்த லாரிக்கு வழி விட்டு, என் பாதிச் சாலைக்குள்ளேயே திரும்பினேன். அம்மாவிடம் ஏதோ சொல்லலாம் என்று குனிந்து பார்த்தேன். மடியில் கொய்யாப்பழப் பையை வைத்துக்கொண்டு, கையை விளிம்பில் பிடிக்காமல், தூங்கிக்கொண்டிருந்தார்.